அலகையின் வழக்கறிஞர்

வாதாடுகிறவர்களுக்குத் தமிழில் பெயர்கள் ஏராளம். நியாயமாகப் பேசினால் வழக்கறிஞர். சற்றே மிகைப்பட்டால் வாயாடி. நேராகப் போவதைக் கோணலாக்கினால் குதர்க்கக்காரர். எதைச் சொன்னாலும் மறுத்தால் விதண்டாவாதி. இவை போதாவென்று, கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலிருந்து இன்னொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பங்குப் பேரவையிலும் அன்பியக் கூட்டத்திலும் அது இப்போது காதில் விழுகிறது. ஒருவர் எழுந்து, "நான் இதை நம்பவில்லை, ஆனாலும் டெவில்ஸ் அட்வகேட்டாக நின்று ஒரு கேள்வி கேட்கிறேன்" என்பார். நம் முதியோர் பேச்சில் சொன்னால் 'பசாசின் வக்கீல்'. ஏட்டுத் தமிழில் 'அலகையின் வழக்கறிஞர்'.

இச்சொல்லை நாளும் கையாளுகிறவர்களில் பலர், அது ஏதோ நாடகத்திலோ திரைப்படத்திலோ பிறந்ததாக எண்ணியிருக்கிறார்கள். அன்பர்களே, அது நம் சொந்த வீட்டுப் பிள்ளை. உரோமையில், திருச்சபையின் அலுவலகமொன்றில், பீடத்துக்கு உயர்த்தப்படவிருந்த மனிதர்களைப் பற்றிய தாள்கட்டுகளுக்கு நடுவே பிறந்தது. அதைப் பெற்ற வீட்டார் மறந்திருக்க, ஊரார் எடுத்து வளர்த்துவிட்டார்கள்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். இலத்தீனில் அது 'அத்வொக்காத்துஸ் தியாபொலி'. முன்பகுதியான 'அத்வொக்காத்துஸ்' என்பதற்கு 'அருகே அழைக்கப்பட்டவர்' என்பது பொருள். வழக்கில் சிக்கியவன் தன் பக்கத்தில் வந்து நின்று பேசுமாறு அழைத்துக்கொள்ளும் துணைவன் அவன். கிரேக்கத்தில் இதற்கு நேரான சொல் 'பாராக்கிளேத்தோஸ்'. புனித யோவான் நற்செய்தியில் தூய ஆவியாருக்கு வழங்கும் பெயர் அதுவே. நம் விவிலியத்தில் 'துணையாளர்' என்று படிக்கிறோம். அதே யோவானின் முதல் திருமுகம் தந்தையிடம் நமக்காகப் பரிந்து பேசும் இயேசுவையும் அச்சொல்லால்தான் குறிக்கிறது. கிருபை தயாபத்து மந்திரத்தின் இலத்தீன் மூலம் தேவதாயை அழைப்பதும் இச்சொல்லின் பெண்பாலால்தான். தூய ஆவியாருக்கும் மீட்பருக்கும் அன்னைக்கும் உரிய ஒரு பட்டத்தை எடுத்து, அதனோடு அலகையை ஒட்டவைத்தார்கள் என்றால், அப்படிச் செய்தவருக்கு நகைச்சுவை உணர்வு குறைவாக இருந்திருக்க முடியாது.

நாம் சொல்லும் 'வக்கீல்' என்பதோ அரபு மொழியில் பிறந்து பாரசீகத்தின் வழியாக இந்நாட்டு நீதிமன்றங்களுக்கு வந்த சொல். ஒருவருக்குப் பதிலாக நின்று காரியம் பார்ப்பவர் என்பதே அதன் பழம்பொருள். இரண்டு மொழிகளிலும் மையக் கருத்து ஒன்றே: பேசுகிறவர் தமக்காகப் பேசவில்லை, இன்னொருவருக்காகப் பேசுகிறார். இந்தக் கருத்தை மனத்தில் இருத்துங்கள், பின்னால் தேவைப்படும்.

பின்பகுதியான 'தியாபொலுஸ்' கிரேக்கத்திலிருந்து வந்தது. குறுக்கே எறிபவன், தூற்றுகிறவன் என்பது அதன் பொருள். அதற்கும் முந்திய எபிரேயச் சொல்லான 'சாத்தான்', எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள்படும். யோபு நூலின் தொடக்கத்தில் அச்சொல் மூலமொழியில் தனி ஒருவனின் இயற்பெயராக வரவில்லை. ஒரு பதவிப்பெயரைப் போல வருகிறது. விண்ணக அவையில் நின்று, 'யோபு காரணமின்றியா இறைவனுக்கு அஞ்சி நடக்கிறான்?' என்ற போக்கில் ஐயம் எழுப்புகிறவன் அவன். செக்கரியா நூலின் மூன்றாம் அதிகாரத்திலும் அவனைக் காண்கிறோம். தலைமைக் குரு யோசுவா அழுக்கு ஆடையோடு நிற்கிறார். வலப்பக்கத்தில் குற்றம் சாட்டுகிறவன் நிற்கிறான். ஆண்டவர் கடிந்துகொள்வது குற்றம் சாட்டியவனைத்தான். ஆயினும் ஆடை அழுக்காக இருந்தது பொய்யன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதைக் களைந்து புதிய ஆடை உடுத்த வேண்டியிருந்தது.

இனி அந்த அலுவலுக்கு வருவோம். முதல் நூற்றாண்டுகளில் ஒருவரைப் புனிதர் எனக் கொண்டாடுவதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. மறைசாட்சியின் கல்லறையில் மக்கள் கூடினார்கள், ஆயர் இசைந்தார், விழா பிறந்தது. பெரும்பாலும் மக்கள் சரியாகவே கணித்தார்கள். ஆயினும் ஒவ்வோர் ஊரும் தனக்கொரு புனிதர் வேண்டுமென்று ஆசைப்படத் தொடங்கியபோது, கதைகள் வளர்ந்தன, புதுமைகள் பெருகின. சிறிது சிறிதாக இவ்வதிகாரம் உரோமையின் கைக்கு வந்தது. பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் காலத்தில், வெனிஸ் நகரத்து லாரன்ஸ் ஜுஸ்தினியானியின் வழக்கில், எதிர்வாதம் செய்யும் அலுவலர் ஒருவரைப் பற்றிய குறிப்பு முதன்முதலில் கிடைக்கிறது. 1588இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருச்சடங்குப் பேராயத்தை நிறுவி, புனிதர் பட்ட வழக்குகளை அதனிடம் ஒப்படைத்தார். பின்னர் 1634இல் எட்டாம் உர்பன் விதிகளை மேலும் இறுக்கினார். ஒருவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கழியுமுன் அவருடைய புண்ணியங்களைப் பற்றி உரோமையில் விவாதிப்பதற்கில்லை என்ற விதியும் வந்தது. அழுகை அடங்கட்டும், ஆரவாரம் ஓயட்டும், அதன்பிறகும் அவர் பெயர் நிலைத்திருந்தால் பார்ப்போம் என்பது அதன் உட்கருத்து.

அந்த வழக்கில் இரு தரப்பு உண்டு. ஒரு தரப்பில் வேண்டுகையாளர். இறை ஊழியருக்குப் பட்டம் வேண்டி நிற்பவர். அவரை மக்கள் விளையாட்டாகக் 'கடவுளின் வழக்கறிஞர்' என்றார்கள். எதிர்த்தரப்பில் நின்றவருக்குத் திருச்சபை வைத்த உண்மைப் பெயர் 'ப்ரொமோத்தோர் ஃபிதேயி', அதாவது விசுவாசக் காவலர் அல்லது விசுவாசத்தை முன்னேற்றுபவர். பெயர் எவ்வளவு கம்பீரமானது, பாருங்கள்! ஆனால் அவர் செய்த வேலையைக் கண்ட மக்கள் அலகையின் வழக்கறிஞர் என்றே அழைத்தார்கள். அப்பெயரே நின்றுவிட்டது.

அவர் செய்தது என்ன? சாட்சியங்களை வரிக்கு வரி படிப்பார். இறை ஊழியரின் கடிதங்களில் கோபமான சொல் ஒன்று இருந்தால் குறித்துக்கொள்வார். சாட்சி சொன்னவர் உறவினரா, சீடரா, நேரில் கண்டவரா, கேட்டுச் சொன்னவரா என்று பிரிப்பார். குணமானதாகச் சொல்லப்படும் நோய் உண்மையில் நோய்தானா என்பார். இவற்றையெல்லாம் எழுத்து வடிவில் முன்வைப்பார். வேண்டுகையாளர் தரப்பு ஒவ்வொன்றுக்கும் விடை எழுத வேண்டும். விடை போதவில்லையென்றால் மீண்டும் கேள்வி. இப்படித் தலைமுறைகள் கழிந்த வழக்குகளும் உண்டு.

அப்பதவியில் இருந்தவர்களுள் தலைசிறந்தவர் பொலோஞ்ஞா நகரத்தில் 1675இல் பிறந்த ப்ரோஸ்பெரோ லம்பெர்த்தீனி. 1708 முதல் 1728 வரை இருபது ஆண்டுகள் இவ்வேலையைச் செய்தார். பின்னர் தம் பட்டறிவையெல்லாம் திரட்டி, அருளாளர் பட்டத்தையும் புனிதர் பட்டத்தையும் பற்றிப் பல தொகுதிகளாகப் பெருநூல் எழுதினார். 1734 முதல் 1738 வரை அது அச்சாகி வெளிவந்தது. ஒரு நோய் குணமானதைப் புதுமை என்று ஏற்க அவர் வகுத்த அளவுகோல்கள் கடுமையானவை. நோய் கொடியதாக இருக்க வேண்டும். தானே தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. மருந்தால் குணமாகியிருக்கக் கூடாது. திடீரென்றும் முழுமையாகவும் குணமாக வேண்டும். மீண்டும் திரும்பவும் கூடாது. இன்றும் உரோமையில் மருத்துவர் குழு இந்த வழியில்தான் சிந்திக்கிறது.

இவ்வலுவலகத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. உரோமைக்கு வந்த ஆங்கிலேயப் பிரிவினை சபையார் ஒருவரிடம், சில புதுமைகளைப் பற்றிய சாட்சியக் கட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம் அங்கிருந்த குருவானவர். படித்து முடித்த அவர் வியந்து, "உங்கள் புதுமைகள் எல்லாம் இவ்வளவு உறுதியாக மெய்ப்பிக்கப்பட்டவையானால் நாங்களும் மறுக்க மாட்டோம்" என்றாராம். குருவானவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் படித்த இவற்றில் ஒன்றைக்கூடப் பேராயம் ஏற்றுக்கொள்ளவில்லை" என்றாராம்.

கேள்விகள் எவ்வளவு கூர்மையாக இருந்தன என்பதற்கு ஜோன் ஆஃப் ஆர்க்கின் வழக்கு நல்ல சான்று. 1431இல் தீயில் எரிக்கப்பட்ட அந்தக் கன்னியின்மேல் இரக்கம் கொள்ளாதவர் இலர். ஆயினும் விசுவாசக் காவலர் கேட்டார்: சிறைக் கோபுரத்திலிருந்து அவள் குதித்தாளே, அது இறைவனைச் சோதிப்பது ஆகாதா? தேவதாயின் பிறப்பு விழாவன்று பாரிசு நகரத்தைத் தாக்கினாளே, திருநாளை மதிப்பது அதுதானா? தீக்கு அஞ்சித் தன் வாக்குமூலத்தை ஒருமுறை மறுத்துக் கையொப்பமிட்டாளே, அது வீரத்துவமான புண்ணியமா? இக்கேள்விகளுக்கெல்லாம் விடையிறுக்கப்பட்ட பின்னரே 1909இல் அருளாளர் பட்டமும் 1920இல் புனிதர் பட்டமும் கிடைத்தன. அவளுடைய அச்சத்தை யாரும் மறைக்கவில்லை. அஞ்சிய பெண்ணொருத்தி அச்சத்தை வென்று மீண்டும் தீயை நோக்கி நடந்தாள் என்பது, அந்தக் கேள்வி எழுந்ததால்தான் தெளிவாக வெளிப்பட்டது.

நம் மண்ணோடு தொடர்புடைய வழக்கு ஒன்று இதனினும் நமக்கு நெருக்கமானது. ஓரியூர்ச் செம்மணலுக்குத் திருப்பயணம் செல்லாத குடும்பங்கள் நம்மிடையே குறைவு. 1647இல் லிஸ்பனில் பிறந்து, மறவ நாட்டில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்த அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரித்தோ, அருளாளராக உயர்த்தப்பட்டது 1853இல், புனிதரானது 1947இல். மறைசாட்சி ஒருவர் பீடமேற 254 ஆண்டுகளா என்று பக்தர் மனம் வருந்தும். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டு 1814இல்தான் மீண்டது என்பது காலத்தாழ்வுக்கு ஒரு காரணம். ஆனால் அதற்கு முன்னரே, விசுவாசக் காவலர் எழுப்பிய கேள்வி ஒன்று வழக்கைத் தடுத்து நிறுத்தியிருந்தது.

அந்தக் கேள்வி 'மலபார்ச் சடங்குகள்' பற்றியது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நொபிலி தொடங்கிய வழியில், மதுரை மிஷன் குருக்கள் இந்நாட்டுத் துறவியரின் உடையும் உணவும் பழக்கமும் மேற்கொண்டார்கள். அருளானந்தர் பண்டாரசாமியாக வாழ்ந்தார். இவ்வழக்கங்களில் எவை வெறும் நாட்டு நாகரிகம், எவை பிற சமயச் சடங்கு என்ற பூசல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தெ துர்னோன் பலவற்றைத் தடைசெய்தார். தாலியில் பொறித்த உருவங்கள், மணவிழாவில் தேங்காய் உடைத்தல், திருநீறு ஆகியன அந்தப் பட்டியலில் உண்டு. அதில் இன்னொன்றும் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைகளுக்குள் குருக்கள் நுழைந்து நோயாளிகளுக்கு அருட்சாதனங்கள் வழங்கத் தயங்கிய வழக்கத்தைத் தூதர் கண்டித்திருந்தார். இக்கேள்வியை எழுப்பியவரை 'அலகையின்' வழக்கறிஞர் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை. பண்டாரசாமிகள் எல்லாச் சாதியினரோடும் பழகத்தக்கவர்களாகவே ஏற்படுத்தப்பட்டவர்கள் என்பது உண்மைதான். ஆயினும் மிஷன் முழுவதையும் தொட்ட அக்கேள்வி அருளானந்தர் பெயரிலும் எழுந்தது: தடைசெய்யப்பட்ட சடங்குகளுக்கு இடம்கொடுத்து வாழ்ந்தவரை விசுவாசத்தின் மாதிரியாகக் காட்டலாமா?

இதற்கு விடை கூறும் பொறுப்பு யாரிடம் வந்தது என்பதுதான் வியப்பு. இருபது ஆண்டுகள் எதிர்வாதமே தொழிலாகக் கொண்டிருந்த லம்பெர்த்தீனி, 1740இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பெயரோடு பாப்பரசரானார். எதிர்வாதத்தின் வலிமை அவருக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்குத் தெரியும்? 1741இல் அவர், சடங்குகளைப் பற்றிய அந்தத் தடை அருளானந்தரின் வழக்கைத் தொடர இடையூறு ஆகாது என்று தீர்ப்பளித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1744இல், அதே பாப்பரசர் மலபார்ச் சடங்குகள் மீதான தடையைத் தம் ஆணையொன்றால் உறுதிப்படுத்தினார். தாழ்த்தப்பட்டோருக்கு அருட்பணி செய்யும் கடமையையும் வலியுறுத்தினார். மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு போலத் தோன்றும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கத்தைப் பற்றிய தீர்ப்பு வேறு. அவ்வழக்கத்திற்குள் வாழ்ந்து, விசுவாசத்திற்காகக் கழுத்தைக் கொடுத்த மனிதரைப் பற்றிய தீர்ப்பு வேறு. ஒருவரைப் புனிதர் என்பதற்காக அவருடைய காலத்தின் குறைகளையெல்லாம் புனிதமாக்க வேண்டியதில்லை. இந்த நுட்பமான வேறுபாட்டை உரோமை கண்டது, யாரோ ஒருவர் விரும்பத்தகாத கேள்வியைத் துணிந்து கேட்டதால்தான்.

இப்போது விதண்டாவாதிக்கு வருவோம். இச்சொல்லும் ஒரு பள்ளியில் பிறந்ததே. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் காண்பதற்காக இருவர் கூடிப் பேசுவது வாதம். வெல்வதற்காகப் பேசுவது சற்பம். தனக்கென்று ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் எதிரியின் கொள்கையைத் தகர்ப்பது மட்டுமே விதண்டை. வெளித்தோற்றத்தில் நம் விசுவாசக் காவலரும் விதண்டாவாதியே அல்லவா? அவருக்கென்று ஒரு கட்சி இல்லை. இடிப்பது மட்டுமே அவர் வேலை. ஆனால் இடிப்பது உறுதியைச் சோதிப்பதற்காக. உருவத்தில் விதண்டை, உள்ளத்தில் வாதம். எதிர்ப்பக்கத்தை முதலில் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்பே தம் பக்கத்தைச் சொல்லும் மரபு இந்நாட்டிலும் உண்டு. சைவத்தில் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தை முதலில் வைத்து, சுபக்கத்தைப் பின்னால் வைத்தார். குருமடத்தில் நாம் பயின்ற அக்குவினா தோமையாரின் பெருநூலிலும் ஒவ்வொரு வினாவும் மறுப்புகளோடுதான் தொடங்கும். சில வேளை மறுப்பு விடையைவிட நன்றாக மனத்தில் பதிந்துவிடும். பேராசிரியர்கள் அதற்காகக் கவலைப்பட்டதில்லை!

திருச்சபைக்கு வெளியே நின்றவர்களும் இம்முறையின் அருமையை உணர்ந்தார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில், உரோமைத் திருச்சபையைச் சகிப்புத்தன்மை மிகக் குறைந்ததாகவே கருதினார். அப்படிப்பட்ட திருச்சபைகூடப் புனிதர் பட்டம் வழங்கும்போது அலகையின் வழக்கறிஞரைப் பொறுமையாகக் கேட்கிறதே என்று அங்கே சுட்டிக்காட்டினார்.

நம் காலத்தில் இச்சொல் மலிந்துவிட்டது என்பதே நம் வருத்தம். மருமகளைக் குத்திப் பேசிவிட்டு, 'நான் எதிர்ப்பக்கத்தைத்தான் எடுத்துச் சொன்னேன்' என்கிற மாமியாரும் உண்டு. கூட்டத்தில் மனத்திலிருந்த பகையைக் கொட்டிவிட்டு அலகையின் பெயரில் ஒளிந்துகொள்பவரும் உண்டு. அலுவல் ஒன்று, ஆசை வேறு. உண்மையான எதிர்வாதி தமக்காகப் பேசுவதில்லை என்று முன்னர் சொன்னோம். தம் கேள்விக்குச் சரியான விடை வந்தவுடன் மகிழ்ந்து அமர்கிறாரா, முகம் கறுக்கிறாரா என்பதில் ஆளைக் கண்டுகொள்ளலாம். மறுபுறம், இதைவிடப் பெரிய தீங்கும் நம் பங்குகளில் நடக்கிறது. ஆலயக் கட்டட நிதியின் கணக்கைக் கேட்பவர், கெபியில் எண்ணெய் வடிந்ததென்ற செய்தியைக் கேட்டு, 'சற்றுப் பொறுங்கள், பார்ப்போம்' என்பவர், மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கச் சொல்லும் சித்தப்பா ஆகியோரை நாம் விசுவாசம் குறைந்தவர் என்றும், குடும்பத்துக்கு ஆகாதவர் என்றும் ஒதுக்கிவிடுகிறோம். உரோமை சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட ஆளை நாம் இலவசமாகக் கிடைத்தும் விரட்டுகிறோம்.

இன்று அந்தப் பதவி என்னவாயிற்று? 1983 ஜனவரி 25ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் புனிதர் பட்ட முறையை முற்றிலும் மாற்றியமைத்தார். வழக்காடும் முறை நீங்கி, வரலாற்று ஆய்வு முறை வந்தது. வழக்கின் முழு ஏட்டையும் தொகுக்கும் பொறுப்பு உரோமையில் தொடர்பாளர் ஒருவரிடம் வந்தது. 'விசுவாசக் காவலர்' என்ற பட்டம் மறையவில்லை. அவர் இப்போது இறையியலார் குழுவுக்குத் தலைமை தாங்குகிறார். ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு ஐந்தாகச் சுருங்கிற்று. இரண்டாம் அருள் சின்னப்பர் தம் காலத்தில் 482 பேரைப் புனிதர்களாக உயர்த்தினார். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள எளிய மக்கள் பீடமேற இம்மாற்றம் வழி திறந்தது என்பதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் 2012இல் அருளாளராகவும் 2022 மே 15இல் புனிதராகவும் உயர்ந்ததைக் கண்ட தலைமுறை நாம். அவர் கொல்லப்பட்டது விசுவாசத்தின் பொருட்டா, அரச காரணத்தின் பொருட்டா என்ற கேள்வி அப்போதும் எழாமல் இல்லை; அது ஆராயப்பட்டது. ஆயினும் எதிர்த்தரப்பில் நின்று வாதாடுவதற்கென்றே ஒருவர் இருந்த முறைக்கு ஈடு உண்டா என்பதில் நம் மனம் முழுமையாக ஆறவில்லை. ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராயினும், மறுப்பதையே கடமையாகப் பெற்றவரின் கண் வேறு.

இதை உரோமையும் ஒருவாறு உணர்ந்தது போலும். கல்கத்தா அன்னை தெரேசா 1997 செப்டம்பர் 5இல் இறந்தார். ஐந்தாண்டுக் காத்திருப்பையும் தளர்த்தி அவருடைய வழக்கைத் தொடங்கியபோது, அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதி வந்த இருவரிடம் சாட்சியம் கேட்கப்பட்டது. ஒருவர் கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மருத்துவர் அரூப் சாட்டர்ஜி. மற்றவர் கிறிஸ்டோபர் ஹிச்சென்ஸ் என்னும் எழுத்தாளர். கடவுளே இல்லை என்பவர். அன்னையைப் பற்றி 1995இல் கண்டன நூல் வெளியிட்டவர். வாஷிங்டன் உயர்மறைமாவட்ட அலுவலகத்தில் ஓர் அறையில் அமர்த்தி, மேசைமேல் விவிலியத்தையும் ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்து, அவர் சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொண்டார்கள். ஊதியமின்றி அலகையின் வழக்கை நடத்திக் கொடுத்ததாக அவர் பிற்பாடு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். அன்னை 2003இல் அருளாளரானார். 2016 செப்டம்பர் 4இல் புனிதரானார்.